வளைகுடாப் போரில் பிரான்ஸ்: டாகே டிவிஷன் குறித்த கேள்வி பதில்

கேள்வி: 1991 போரில் பிரெஞ்சுத் தரைப்படை உண்மையில் என்ன செய்தது?

பதில்: 1990 செப்டம்பரில் குவைத்திலிருந்த பிரெஞ்சுத் தூதரின் இல்லத்துக்குள் இராக்கியப் படையினர் புகுந்ததை அடுத்து, அதிபர் மித்தரான் தரைப்படையை அனுப்ப முடிவெடுத்தார். 6ஆம் இலகு கவச டிவிஷனை மையமாகக் கொண்டு உருவான டாகே டிவிஷன், அமெரிக்காவின் 18ஆம் வான்வழிக் கோரின் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படை) கீழ், குவைத்தை மீட்கத் திரண்ட அமெரிக்கத் தலைமையிலான கூட்டணியின் மேற்குக் கோடியில் நிறுத்தப்பட்டது. அமெரிக்க 82ஆம் வான்வழி டிவிஷனின் ஒரு பிரிகேடும் அதனுடன் இணைக்கப்பட்டது. பிப்ரவரி 24 அன்று எல்லையைக் கடந்து, ‘ரோஷாம்போ’ என்று பெயரிடப்பட்ட இலக்கில் இராக்கின் 45ஆம் காலாட்படை டிவிஷனின் நிலைகளை உடைத்து, மறுநாள் அல் சல்மான் விமானதளத்தைக் கைப்பற்றியது.

கேள்வி: இராக் போரை பிரான்ஸ் எதிர்த்ததல்லவா?

பதில்: அது 2003. இரண்டு போர்களையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: இராக்கிடம் பிரெஞ்சு ஆயுதங்கள் இருந்தனவாமே?

பதில்: இருந்தன. மிராஜ் எஃப்1 விமானங்களை இராக்குக்கு விற்றதே பிரான்ஸ்தான். அதனால் சொந்த எஃப்1 விமானங்களைக் கூட்டணியினரே எதிரியென்று சுட்டுவிடக் கூடாதென, தொடக்க நாட்களில் அவற்றைத் தரையிலேயே வைத்திருந்தார்கள். ஜாகுவார் தாக்குதல் விமானங்கள் மட்டும் முதல் நாளே பறந்தன.

கேள்வி: பிர் ஹக்கீம் சண்டை பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: 1942, லிபியா. இந்த அமர்வுக்கு வெளியே.

கேள்வி: பாதுகாப்பு அமைச்சர் ஏன் விலகினார்?

பதில்: ஷெவெனெமான் போரின் போக்கை ஏற்கவில்லை; ஜனவரி 29 அன்று பதவி விலகினார்.

கேள்வி: 2003இல் எத்தனை பிரெஞ்சு வீரர்கள் போனார்கள்?

பதில்: படையெடுப்பில் பிரான்ஸ் பங்கேற்கவில்லை. முன்பே சொன்னேன், தயவுசெய்து ஆண்டைப் பார்த்துக் கேளுங்கள்.

கேள்வி: சண்டையே இல்லாத ஓரத்தில், ஒப்புக்கு நிறுத்தப்பட்ட படைதானே இது?

பதில்: பாதி சரி. இராக்கின் சிறப்புப் படையான குடியரசுக் காவல் படையின் டி-72 டாங்கிகளுக்கு எதிரே நிற்க, டாகே டிவிஷனிடமிருந்த மெல்லிய கவசம் கொண்ட ஏஎம்எக்ஸ்-10ஆர்சி வண்டி ஏற்றதல்ல. ஆனால் 105 மி.மீ. பீரங்கியைச் சுமந்துகொண்டு ஆறு சக்கரங்களில் வேகமாக ஓடும் அந்த வண்டிக்கு, பாதை நீண்டு எதிர்ப்புச் சிதறிக் கிடக்கும் மேற்குப் பாலைவனம்தான் பொருத்தமான களம். சமாவாவுக்குச் செல்லும் சாலையில் அமைந்த அல் சல்மானைப் பிடிக்காமல் விட்டிருந்தால், பெருந்தாக்குதலின் இடப்பக்கம் திறந்தே கிடந்திருக்கும். அதை ஒப்புக்கு என்பது நியாயமில்லை.

மறுகேள்வி: இடப்பக்கத்தைக் காக்கத்தான் முடிந்தது என்றால், பிரான்ஸின் பெரிய படை எங்கே போயிற்று?

பதில்: இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அன்றைய பிரெஞ்சு இராணுவத்தின் பெரும்பகுதி கட்டாய சேவை இளைஞர்கள். அவர்களைப் போருக்கு அனுப்ப மித்தரான் மறுத்துவிட்டார். அந்நியர் படை (வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ளும் பிரெஞ்சுப் படை), கடல்சார் படை (பெயர் இப்படியிருந்தாலும் தரைப்படையின் பிரிவுதான்) எனத் தொழில்முறை வீரர்கள் இருந்த ரெஜிமென்ட்டுகளிலிருந்து ஆட்களைத் திரட்டியே டிவிஷனை நிரப்ப வேண்டியிருந்தது. செயற்கைக்கோள் உளவுத் தகவலுக்கும் பெரிதும் அமெரிக்காவையே நம்பியிருந்தார்கள். இந்தக் குறைகள் தந்த பாடத்தால்தான் 1992இல் இராணுவ உளவு இயக்ககமும் சிறப்பு நடவடிக்கைக் கட்டளையகமும் உருவாயின. 1996இல் அதிபர் சிராக் கட்டாய சேவையை நிறுத்தப்போவதாக அறிவித்தார்.