அலைன்மென்ட் செய்த பிறகும் இடது முன் டயரின் உள்ளோரம் தேய்வது ஏன்?

உங்கள் கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்டது: தலவாக்கலையில் ஓடும் சிறிய கார், முன்சில்லுகளால் இயங்குவது. இடது முன் டயரின் உள்ளோரம் மட்டும் மொட்டையாகிறது. இரண்டு தடவை வீல் அலைன்மென்ட் (சில்லுகளின் கோணங்களை அளந்து திருத்துவது) செய்தாயிற்று, கணினித் தாளில் எல்லாம் பச்சை, அதாவது அளவுகள் சரி, ஆனாலும் அதே இடம் மறுபடி தேய்கிறது.

மூன்றாவது தடவை அலைன்மென்ட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அந்தச் சில்லைத் தாங்கும் பாகங்களில் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது, அல்லது தளர்ந்து ஆடுகிறது. அதைத் திருத்தாமல் எத்தனை தடவை அளந்தாலும் டயர் தப்பாது.

காரணத்தைச் சொல்கிறேன். முன் சில்லுகள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவுக்கு டோ என்று பெயர். டயரை மிக வேகமாகத் தின்பது இதுதான். ஒரு பாகை பிசகினாலே, கார் ஒரு கிலோமீட்டர் ஓடும்போது டயர் ஏறக்குறைய 17 மீட்டர் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகிறது. ஆனால் நேராக ஓடும்போது இந்தப் பிசகை இரண்டு முன் சில்லுகளும் பங்கிட்டுக்கொள்ளும். அதனால் தேய்வும் பெரும்பாலும் இரண்டு டயர்களிலும் தெரியும். உள்ளங்கையால் டயரைக் குறுக்கே தடவினால் ஒரு திசையில் வழுக்கும், மறு திசையில் அரம் போல உராயும். உங்களுக்கோ ஒரு டயரில் மட்டும், அதுவும் உள்ளோரத்தில். ஆகவே நான் முதலில் சந்தேகப்படுவது அந்தச் சில்லின் சாய்வை, அதாவது கம்பரை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நம் நாட்டில் அதிகம் ஓடும் சிறிய ஜப்பானியக் கார்களில் வழக்கமான அலைன்மென்ட்டின்போது முன்பக்கம் டோவை மட்டுமே திருகித் திருத்துகிறார்கள். கம்பரைத் திருத்த அவற்றில் பொதுவாக வசதியே கிடையாது. அது தவறியிருந்தால் ஏதோ அடிபட்டிருக்கிறது என்று பொருள். தாளில் இடது கம்பரையும் வலது கம்பரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே அரைப் பாகைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இடது பக்கத்தின் லோவர் ஆர்ம் (சில்லைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை), ஷொக் அப்சோபர், அவை பொருந்தும் இடங்கள் அனைத்தையும் கழற்றியாவது பார்க்கச் சொல்லுங்கள்.

இடது பக்கம் அடிபடுவதில் எனக்கு வியப்பில்லை. ஹட்டன் வீதியில் எதிரே பஸ் வந்தால் நாம் இடப்பக்கம்தான் ஒதுங்குகிறோம். சில்லு காபட்டின் விளிம்பிலிருந்து மண்ணில் இறங்கி, அதே கூரான விளிம்பில் இடித்துக்கொண்டு மேலேறுகிறது. தோட்டத்துப் பாதைகளின் குழிகளும் கான்களும் இதற்கு மேல்.

தாளில் கம்பரும் சரியாகவே இருந்தால் லோவர் ஆர்ம் அடிச்சட்டத்தில் பொருந்தும் இடத்திலுள்ள ரப்பர் புஷ்களைப் பாருங்கள். மலைநாட்டில் ஓடும் காருக்கு இதைத்தான் நான் மிக முக்கியமாகச் சொல்வேன். அலைன்மென்ட் இயந்திரம் நிற்கும் காரை அளக்கிறது. புஷ் கிழிந்திருந்தாலும் நிற்கும்போது சில்லு தன் இடத்திலேயே இருக்கும், தாளில் பச்சை விழும். பிரேக் பிடித்ததும் ஆர்ம் பின்னுக்கு இழுபட்டுச் சில்லின் திசை மாறிவிடும். சமவெளியில் எப்போதாவது நடப்பது, நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது வளைவுக்கு வளைவு நடக்கிறது. பிரேக் பிடிக்கையில் கார் ஒரு பக்கம் சாய்ந்து இழுப்பதும், கீழே 'டொக்' என்ற சத்தம் கேட்பதும் இதற்கு அடையாளம்.

சமதளத்தில் நிறுத்தி, மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, இடது முன் சில்லை ஜாக்கில் தூக்கச் சொல்லுங்கள். சில்லை இடமும் வலமும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் மூட்டுகளான டை ரொட் எண்ட் அல்லது ரெக் எண்ட் போயிருக்கலாம். மேலும் கீழும் பிடித்து அசைக்கையில் ஆடினால், லோவர் ஆர்மின் சில்லுப் பக்க மூட்டான போல் ஜொயின்ட் அல்லது சில்லின் பெயரிங் போயிருக்கலாம். புஷ்ஷைக் கையால் அறிய முடியாது, கடப்பாரையால் நெம்பித்தான் பார்க்க வேண்டும். இவற்றை மாற்றிய பிறகுதான் அலைன்மென்ட்.

கீழே ஒருவர் தன் காரில் இரண்டு முன் டயர்களின் வெளியோரமும் தேய்வதாக எழுதியிருக்கிறார். அது வேறு விடயம். கொண்டை ஊசி வளைவுகளில் காரின் பாரத்தில் பெரும்பகுதி வளைவின் வெளிப்பக்க முன் டயரின் வெளித்தோளில் சாய்கிறது, அதனால் அளவுகள் எல்லாம் சரியாக இருக்கும் காரிலும் அந்த ஓரம் முந்தித் தேயும். காற்றுக் குறைவாக இருந்தால் இன்னும் வேகமாகத் தேயும். சாரதி பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றடித்து, 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன் டயர்களையும் பின் டயர்களையும் இடம் மாற்றினால் போதும்.

காற்றைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. கொழும்பில் அடித்த காற்று நுவரெலியாக் குளிரில் இறங்கிவிடும் என்று மேலே வந்ததும் கூட்டி அடிக்கிறார்கள். குளிரால் 2 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைவது உண்மைதான். ஆனால் 1,868 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைந்துவிடுவதால் காற்றழுத்த மானி 3 பி.எஸ்.ஐ. அளவுக்குக் கூட்டிக் காட்டும். இரண்டும் பெரும்பாலும் ஒன்றை ஒன்று ஈடுசெய்துவிடுகின்றன. டயர் ஆறியிருக்கும்போது அளந்து பார்த்துவிட்டுத் தேவையானால் மட்டும் அடியுங்கள்.

இப்போது மாட்டியிருக்கும் டயரை இன்றே பாருங்கள். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் உள்ளோரம் கண்ணில் படும். கம்பியோ துணியோ தெரிந்தால், மற்றப் பகுதியில் டயரின் பூ (தரையைப் பிடிக்கும் வரிகள்) எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த டயரோடு மலை இறங்காதீர்கள். மழையில் அது பிடிக்காது, வெடித்தால் ஒதுங்கவும் இடமில்லை. கம்பர் எண்களை இங்கே எழுதினால் பார்த்துச் சொல்கிறேன்.