வீட்டுக்கு ஒரு டேப் (டேப்லெட்) வாங்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஆளுக்கு ஒரு செல்போன் இருக்கிறது. ஒன்பது வருடத்துக்கு முன்பு வாங்கிய லேப்டாப் ஒன்றும் இருக்கிறது. அது ஆன் ஆகவே பத்து நிமிடம் ஆகும். மகள் பதினொன்றாம் வகுப்பு. பாடக்குறிப்பு, மாதிரி வினாத்தாள் எல்லாம் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாக வருகின்றன. மாமனார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பழைய புத்தகங்களைப் போனில் வைத்துக்கொண்டு படிக்க முடியாமல் சிரமப்படுகிறார். நான் எங்கள் மகளிர் குழுவின் கணக்கை எக்ஸெலில் எழுதி வருகிறேன். கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. ஒரு டேப் வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகுமா, இல்லை நாலு நாள் பார்த்துவிட்டு அலமாரியில் போட்டுவிடுவோமா? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: வாங்கலாம். மாமனாருக்காகவும் மகளுக்காகவும் வாங்குங்கள். உங்கள் கணக்கு வேலையை மட்டும் அதற்கு மாற்ற நினைக்காதீர்கள். அந்த 25,000-இல் முதல் செலவும் டேப்புக்கு இல்லை, பழைய லேப்டாப்புக்குத்தான் என்பேன்.

டேப் வாங்கிய பல வீடுகளில் அது அலமாரிக்குப் போவது உண்மைதான். போன் ஏற்கெனவே நன்றாகச் செய்கிற வேலைகளுக்காகவே அதை வாங்கியிருப்பார்கள். யூடியூப், வாட்ஸ்அப், செய்தி, ஷாப்பிங் இவற்றுக்குக் கைக்கு எட்டுவது போன்தான். பெரிய திரையில் படம் பார்க்க டிவி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் டேப்புக்கென்று ஒரு வேலை இருந்தால்தான் அது நிலைக்கும். உங்கள் வீட்டில் அந்த வேலை இருக்கிறது, அதுவும் இரண்டு பேருக்கு: பக்கம் பக்கமாக இருக்கும் எழுத்தைப் படிப்பது.

போனில் செய்தித் தளத்தைப் படிக்கச் சிரமம் இல்லை, பிடிஎஃப் படிக்க மட்டும் ஏன் இவ்வளவு சிரமம்? செய்தித் தளத்தில் எழுத்து திரையின் அகலத்துக்கு ஏற்ப வரியை மடித்துக்கொள்ளும். பிடிஎஃப் அப்படி மடியாது. அச்சிட்ட பக்கம் எப்படியோ அப்படியே நிற்கும். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். 6.7 அங்குல போனின் திரை அகலம் சுமார் 70 மில்லிமீட்டர். ஆக, பக்கம் மூன்றில் ஒன்றாகச் சுருங்குகிறது. வினாத்தாளில் 12 புள்ளி (பாயிண்ட்) அளவில் இருக்கும் எழுத்து போனில் 4 புள்ளி அளவுக்கு வந்துவிடும். மருந்து அட்டையின் பின்பக்க எழுத்தே அதைவிடப் பெரிதாக இருக்கும். போனைப் படுக்கைவாட்டில் திருப்பினால் எழுத்து பெரிதாகும்தான், ஆனால் பக்கத்தில் கால்வாசிதான் தெரியும். மேலே ஒரு படமும் கீழே அதைப் பற்றிய கேள்வியும் இருந்தால் உங்கள் மகள் ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இயற்பியல் கணக்குப் போடும்போது அந்த எரிச்சல் நன்றாகத் தெரியும்.

11 அங்குல டேப்பின் திரை அகலம் ஏறக்குறைய 148 மில்லிமீட்டர். அதில் அதே 12 புள்ளி எழுத்து எட்டரைப் புள்ளியாகத் தெரியும். அது போதுமான அளவு. இன்னொரு வழியும் இருக்கிறது. ரீட்எரா போன்ற படிக்கும் செயலிகளில் பக்கத்தின் வெள்ளை ஓரத்தை வெட்டிவிடும் வசதி உண்டு. ஏ4 தாளில் இரு பக்கமும் ஒவ்வோர் அங்குலம் ஓரம் விட்டிருந்தால், அதை வெட்டியதும் எழுத்து 11 புள்ளிக்கு வந்துவிடும், அச்சுத் தாளைக் கையில் பிடித்த மாதிரிதான். டேப் வாங்கிய அன்றே இதைச் செய்து கொடுங்கள். பலர் இது தெரியாமலே விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிச் சலித்துப் போகிறார்கள்.

மாமனார் விஷயத்தில் அவர் எங்கிருந்து புத்தகம் எடுக்கிறார் என்று ஒரு தடவை கேளுங்கள். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலிருந்து என்றால், அங்கே பெரும்பாலான நூல்கள் தட்டச்சு செய்த எழுத்தாகவே இருக்கின்றன. எழுத்து வடிவத்தில் இருப்பதை எடுத்து அளவைப் பெரிதாக்கிப் போனிலேயே படிக்கலாம், அதற்காக டேப் வேண்டியதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து என்றால் கதை வேறு. அங்கே இருப்பவற்றில் பெரும்பகுதி பழைய அச்சுப் பக்கங்களை ஸ்கேன் செய்தவை. மங்கிய தாள், தேய்ந்த அச்சு, அடிக்குறிப்பு இன்னும் பொடி எழுத்தில். அதைப் போனில் படிப்பது கண்ணுக்குச் செய்யும் கொடுமை. ஆனால் டெமி அளவுப் புத்தகம் 140க்கு 216 மில்லிமீட்டர். 11 அங்குலத் திரையில் அது முழு அளவிலேயே அடங்கிவிடும். அதைவிடச் சிறிய கிரவுன் அளவுப் புத்தகமானால் அச்சில் இருந்ததைவிடப் பெரிதாகவே தெரியும். உ.வே.சா. பதிப்பு ஒன்றை உரையோடும் அடிக்குறிப்போடும் ஒரே பார்வையில் படிக்க முடிவது ஒரு தமிழாசிரியருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே டேப் வாங்கலாம் என்பது என் கருத்து.

இதனால்தான் 8.7 அங்குல டேப்பை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். விலை குறைவு, கைக்கு அடக்கம், எல்லாம் சரி. ஆனால் அதில் ஏ4 பக்கம் பாதியளவுக்குத்தான் தெரியும். அமேசானின் மின்நூல் கருவியான சாதாரண கிண்டிலும் அப்படியே. நாவல் மட்டும் படிப்பவருக்கு அது அருமையான கருவி, 2016 கடைசியிலிருந்து தமிழ் மின்நூல்களும் அதில் கிடைக்கின்றன. ஸ்கேன் செய்த பக்கங்களுக்கு அதன் திரை சிறியது.

அடுத்தது உங்கள் கணக்கு. டேப்பில் எக்ஸெல் இருக்கிறதே என்று கடைக்காரர் சொல்வார். இருக்கிறதுதான். ஆனால் 10.1 அங்குலத்துக்கு மேற்பட்ட திரையில் மைக்ரோசாஃப்டின் எக்ஸெல் செயலியில் கோப்பைத் திறந்து பார்ப்பது மட்டும்தான் இலவசம்; திருத்த வேண்டுமானால் சந்தா கட்ட வேண்டும். கூகுள் ஷீட்ஸ் இலவசம். அதிலும் இருபது உறுப்பினர், மாதச் சேமிப்பு, கடன், வட்டி என்று விரலால் கட்டம் கட்டமாகத் தொட்டு எழுதுவது பொறுமையைச் சோதிக்கும். கட்டம் ஒன்று தள்ளி விரல் பட்டால் ஒருவர் கட்டிய தவணை இன்னொருவர் பெயரில் ஏறிவிடும். பணக் கணக்கில் அந்த ஆபத்து வேண்டாம். டேப்போடு புளூடூத் கீபோர்டும் மவுஸும் சேர்த்து வாங்கினால், ஆகும் மொத்தச் செலவு அரை லேப்டாப் விலைக்கு வந்துவிடும்.

இன்னொன்று, பழைய தமிழ்க் கோப்புகள். குழுவின் தீர்மானங்களோ மனுக்களோ வானவில் அல்லது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவையாக இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத டேப்பில் அவை வெறும் ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் தெரியும். லேப்டாப்பில் எழுத்துருவை நிறுவினால் வேலை முடிந்தது.

ஆகவே லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீர்கள். ஒன்பது வருடப் பழைய லேப்டாப் ஆன் ஆகப் பத்து நிமிடம் எடுக்கிறதென்றால், உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க்தான் பெரும்பாலும் காரணம். அதைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போடச் சொல்லுங்கள். ராம் 4 ஜிபி என்றால், இடமிருந்தால் 8 ஆக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊரிலேயே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் செய்துவிடலாம், சில ஆயிரம்தான் ஆகும். கழற்றுவதற்கு முன் கணக்குக் கோப்புகளை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள். பத்து நிமிடம் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. அதில் இருப்பது விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட், 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அவ்வளவு பழைய பிராசஸரை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தரச் சொல்லுங்கள், அதோடு வரும் லிப்ரே ஆபீஸில் உங்கள் எக்ஸெல் கோப்பு திறக்கும். பார்க்கவும் விண்டோஸிலிருந்து பெரிய வித்தியாசம் இல்லை, ஒரு வாரத்தில் பழகிவிடும்.

இனி டேப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பார்க்கலாம். உங்கள் தேவைக்கு 11 அங்குலம், 1920க்கு 1200 பிக்ஸல் திரை, 6 ஜிபி ராம், 128 ஜிபி சேமிப்பு. இது இருபதாயிரத்தை ஒட்டி, நல்ல சலுகை வந்தால் அதற்கும் கீழே, தெரிந்த கம்பெனிகளிலேயே கிடைக்கும். ராமையும் சேமிப்பையும் எல்லாரும் கேட்பார்கள். இன்னும் எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் வரும் என்று யாரும் கேட்பதில்லை, நீங்கள் கேளுங்கள். இரண்டு வருடம் முன்பு வந்த மாடலைத் தள்ளுபடியில் தருகிறார்கள் என்றால் அதன் ஆயுளில் இரண்டு வருடம் ஏற்கெனவே போய்விட்டது.

படம் பார்க்கவும் பயன்படுத்துவீர்கள் என்றால் வைட்வைன் (படங்களைத் திருட்டு நகலிலிருந்து காக்கும் முறை) எல்1 நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அது எல்3 என்றிருந்தால், திரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை மங்கலாகத்தான் ஓடும். டிஆர்எம் இன்ஃபோ என்ற இலவசச் செயலி அரை நிமிடத்தில் காட்டிவிடும்.

பெயர் கேள்விப்படாத கம்பெனியின் டேப், 12 ஜிபி ராம், 512 ஜிபி சேமிப்பு, ஆறாயிரம் ஏழாயிரம் ரூபாய்தான் என்று இணையத்தில் விளம்பரம் வரும். தொடவே தொடாதீர்கள். அந்த விலைக்கு அவ்வளவு மெமரி வைக்கவே முடியாது. 2011 அக்டோபரில் மத்திய அரசு மாணவர்களுக்கென்று ஆகாஷ் டேப்பை வெளியிட்டது. நோக்கம் மிக நல்லது. ஆனால் விலையைக் குறைக்க 256 எம்பி ராமும் அழுத்தித் தொட வேண்டிய 7 அங்குலத் திரையும் வைத்ததால், பாடம் படிக்கவே பிள்ளைகள் போராட வேண்டியிருந்தது. அது வெளிப்படையாகச் சொல்லி விற்ற கருவி. இன்றைய போலி விளம்பரங்களில் அந்த நேர்மையும் இல்லை.

ஐபேட் நல்ல கருவி, அதன் திரை சற்று அகலம் என்பதால் பிடிஎஃப்புக்கு இன்னும் பொருத்தம், அப்டேட்டும் பல வருடம் வரும். 2025 மார்ச்சில் வந்த சாதாரண ஐபேடே 34,900 ரூபாய்க்கு அறிமுகமானது, பேனா தனி. உங்கள் வேலைக்குக் கடன் வாங்கி அதற்குப் போக வேண்டாம். மேலும் பல ஆண்ட்ராய்டு டேப்களில் ஆளுக்கு ஒரு கணக்காகப் பிரித்துக்கொள்ளலாம், வீட்டு ஐபேடில் அந்த வசதி இல்லை. மாமனாருக்குப் பெரிய எழுத்து, மகளுக்குப் பாடம் என்று இரண்டு கணக்கு வைத்துவிட்டால் ஒருவர் வைத்ததை மற்றவர் கலைக்க மாட்டார்கள்.

சிம் போடும் மாடலுக்கு அதிகம் கொடுக்க வேண்டாம். வீட்டில் வைஃபை இருக்கும், இல்லாவிட்டால் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போதும். சிம் இல்லாத டேப்பில் யுபிஐ வேலை செய்யாது, வங்கியில் பதிந்த எண்ணின் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போனால்தான் அது திறக்கும். பணப் பரிமாற்றம் போனிலேயே இருக்கட்டும், பொதுவில் கிடக்கும் கருவியில் அது இல்லாததே நல்லது.

பேனா வேண்டுமா? மகள் நீட்டோ ஜேஇஇ மெயினோ எழுதப் போகிறாளா? தேர்வு கம்ப்யூட்டரில் நடந்தாலும் கணக்கைத் தாளில்தான் போட வேண்டும். இரண்டுக்கும் காகிதத்தில் போட்டுப் பழகுவதே சரி. அவள் கட்டாயம் வேண்டும் என்றால், கடையில் உள்ளங்கையைத் திரையில் ஊன்றிக்கொண்டு சின்னதாக ஒரு ‘ஞ’ எழுதிப் பார்க்கட்டும். கை பட்ட இடமெல்லாம் கோடு விழுந்தால் அந்தப் பேனா வேண்டாம்.

அவள் கல்லூரிக்குப் போகும்போது லேப்டாப் தேவைப்படும், டேப் அதற்கு ஈடாகாது. 2025 மார்ச் மாத பட்ஜெட்டில் தமிழக அரசு 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப் அல்லது லேப்டாப் தரப்போவதாக அறிவித்தது. உங்கள் மகள் சேரும் காலத்திலும் அந்த வாய்ப்பு இருந்து, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், யோசிக்காமல் லேப்டாப்பைக் கேட்கச் சொல்லுங்கள்.

கடைக்குப் போகும்போது மாமனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் படிக்க முடியாமல் விட்ட புத்தகம் ஒன்றின் கோப்பை உங்கள் போனில் வைத்திருங்கள், அதைக் கடை டேப்புக்கு அனுப்பி அவர் கையில் கொடுங்கள். இந்த அளவு டேப் அரைக் கிலோ எடை இருக்கும், பத்து நிமிடம் ஒரு கையில் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும். அதனால் நிறுத்தி வைக்கும் உறையையும் சேர்த்தே வாங்குங்கள். ஆன்லைனில் வாங்குவதானால் திரும்பக் கொடுக்க எத்தனை நாள் கெடு, பணம் திரும்ப வருமா இல்லை வேறு டேப்தான் தருவார்களா என்று முதலில் பார்த்துவிட்டு, அந்த நாட்களுக்குள்ளேயே அவர் இரண்டு அத்தியாயம் படித்துவிடட்டும்.