பெட்டி சிறுத்தால் ஜெல் நேரம் நம்பத்தக்கதல்ல

கேள்வி: கூழ்ம சிலிக்கா (திரவத்தில் மிதக்கும் நுண்துகள்கள்) ஒரே வலையாக ஒட்டி ஜெல்லாவதை எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக சிமுலேஷன் செய்கிறேன். துகள் தொட்டால் ஒட்டும். கன அளவில் 1 சதவீதம். பெட்டியின் பக்கம் 40 துகள் விட்டம். ஓட்டும்போதெல்லாம் ஜெல் நேரம் மாறுகிறது. துகள் திரள்கள் மோதி இணைந்து வளர்வதைக் கணக்கிடும் ஸ்மோலுசோவ்ஸ்கி சமன்பாட்டிலோ ஜெல்லே வருவதில்லை. எங்கே பிழை?

பதில்: சமன்பாட்டில் பிழையில்லை. கெர்னல் என்பது இரு திரள்கள் எவ்வளவு வேகமாக இணையும் என்று சொல்லும் சார்பு. தாறுமாறாக அலையும் திரள்களுக்கான பிரௌனியன் கெர்னலைப் போட்டால் சராசரித் திரளின் எடை சீராக ஏறிக்கொண்டே போகும். குறிப்பிட்ட நேரத்தில் முடிவிலிக்குத் தாவாது. திரள்கள் அடைத்துக்கொள்ளும் இடம் அதன் கணக்கிலேயே இல்லை. உங்கள் சிலிக்கா ஜெல்லாவதோ இட நெருக்கடியால்.

பாலிமர் என்றால் சங்கதி வேறு. திரள் பெருக்கப் பெருக்க வினைபுரியும் முனைகளும் பெருகுவதால், இரு திரள்களின் எடைப் பெருக்கலைக் கெர்னலாக வைக்கலாம். ஜெல் தானே வரும். பாலிமர் அறிஞர்கள் ஃப்ளோரியும் (1941) ஸ்டாக்மேயரும் (1943) போட்ட கணக்கு இந்த வகைதான்: மூன்று முனை மோனோமருக்குப் பாதி முனைகள் வினைபுரிந்ததும் ஜெல். ஒரே மூலக்கூறுக்குள் விழும் வளையங்களை அது விட்டுவிடுவதால், சோதனையில் சற்றுத் தாமதமாகவே வரும். (இந்தக் கெர்னலில் ஜெல் புள்ளிக்குப் பின் மொத்த எடை குறைந்தால் உங்கள் புரோகிராமைச் சந்தேகிக்காதீர்கள், காணாமல் போன எடை ஜெல்லுக்குள் போனது.)

இனி உங்கள் பெட்டி. அதுதான் குற்றவாளி. தொட்டதும் ஒட்டும் திரள்களின் பின்னப் பரிமாணம் (திரளின் அளவு கூடும்போது எடை எத்தனையாவது படியில் ஏறுகிறது என்ற எண்) முப்பரிமாணத்தில் சுமார் 1.8. வளர வளர உள்ளே காலியிடம் கூடுகிறது. ஒரு கட்டத்தில் திரள்களே பெட்டியை அடைத்துவிடுகின்றன. அந்தக் கட்டத்தில் திரளின் அளவு என்ன? 1 சதவீதத்தின் தலைகீழ் 100. அதை 1/(3−1.8), அதாவது 0.83 படிக்கு உயர்த்தினால் ஏறத்தாழ 46 துகள் விட்டம். உங்களிடம் இருப்பதோ 40! மொத்தமே 1,200 சொச்சம் துகள்கள். பெட்டியின் ஒரு பக்கம் வெளியேறி மறுபக்கம் நுழையும் தன் பிம்பத்தையே திரள் இடித்துக்கொள்கிறது. நேரம் எப்படி நிலைக்கும்?

பக்கத்தை 200 ஆக்கினால் ஒன்றரை லட்சம் துகள் வேண்டும். லேப்டாப்பில் ஓட்டுவதானால் 5 சதவீதத்துக்கு மாறுங்கள் என்பேன்: திரள் 12 விட்டத்திலேயே நெருக்கும், பக்கம் 60 போதும், துகள்கள் 20 ஆயிரம்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். அடுத்து நகரும் திரளை எல்லாவற்றுக்கும் சம வாய்ப்புக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கிறீர்களா? பெரிய திரள் மெதுவாகத்தான் நகரும். வாய்ப்பு அதன் ஆரத்துக்குத் தலைகீழாக இருக்கட்டும். வடிவம் பெரிதாக மாறாது, நேரம் மாறும். உப்பு குறைவாக இருந்து, துகள்கள் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கி, பல மோதலுக்கு ஒருமுறைதான் ஒட்டும் என்றால், பின்னப் பரிமாணத்தை 1.8க்குப் பதில் 2.1 என்று வைத்துக் கணக்கை மறுபடி போடுங்கள்.