மெடிக்கல் கோடிங் (அமெரிக்க மருத்துவ பில்லிங்குக்காக நோய்க்கும் சிகிச்சைக்கும் கோட் போடும் வேலை) அப்ரிவியேஷன்கள், க்ளைம் சிக்கல்கள்: புதுச்சேரி, கடலூர் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்

லாஸ்பேட்டை: மேடம், அவுட்பேஷண்ட் (அட்மிட் ஆகாத நோயாளி) சார்ட்டில் 'ஆர்/ஓ நிமோனியா'ன்னு டாக்டர் எழுதியிருக்கார். நிமோனியா கோட் போடலாமா?

பதில்: கூடாதும்மா. ஆர்/ஓ என்றால் ரூல் அவுட். நோய் இருக்கா இல்லையான்னு டாக்டரே இன்னும் பார்த்துக்கிட்டிருக்கார். அவுட்பேஷண்டில் சந்தேகத்துக்குக் கோட் கிடையாது. காய்ச்சல் என்றால் ஆர்50.9, இருமல் என்றால் ஆர்05 வரிசை, அவ்வளவுதான். ப்ராபபிள், சஸ்பெக்டட், லைக்லி எது வந்தாலும் இதே கதி. இன்பேஷண்ட் ஃபெசிலிட்டி கோடிங்கில் (அட்மிட் ஆனவருக்கு ஆஸ்பத்திரி போடும் பில்) இது அப்படியே தலைகீழ். டிஸ்சார்ஜ் ஆகும்போதும் அந்தச் சந்தேகம் நோட்டில் நின்றால், நோய் இருப்பதாகவே கோட் செய்யணும். ஹெச்ஐவி, கோவிட் போன்ற சில மட்டும் விதிவிலக்கு, உறுதியானால்தான் கோட். எந்த செட்டிங் என்று பார்க்காமல் ஆர்/ஓ-வைத் தொடாதீங்க.

முத்தியால்பேட்டை: 'எம்எஸ்' ஃபுல் ஃபார்ம் என்ன அக்கா? ட்ரெய்னிங்கில் ஒண்ணு சொன்னாங்க, சார்ட்டில் வேற மாதிரி வருது.

பதில்: எந்த டிபார்ட்மெண்ட் நோட்னு சொல்லாமல் கேட்டால் எப்படிச் சொல்றது? நியூராலஜியில் மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ், ஜி35 வரிசை. எக்கோ ரிப்போர்ட்டில் மைட்ரல் ஸ்டெனோசிஸ். காரணம் எதுவும் எழுதாவிட்டால் கோட் புத்தகத்தின் இன்டெக்ஸ் உங்களை ஐ05.0-க்குக் கொண்டுபோகும். மருந்து ஆர்டரில் வந்தால் மார்ஃபின் சல்ஃபேட்டா, மெக்னீசியம் சல்ஃபேட்டான்னு நர்ஸே குழம்புவாங்க. அதனால்தான் அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் இதைப் பயன்படுத்தக் கூடாத சுருக்கங்களின் பட்டியலில் வைத்திருக்கு. 'பிடி'யும் இப்படித்தான்: பேஷண்ட், ஃபிசிகல் தெரபி, ப்ரோத்ராம்பின் டைம். 'ஆர்ஏ' என்று பார்த்ததும் ருமாட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் போட்டுவிடாதீங்க. ஆக்சிஜன் அளவுக்குப் பக்கத்தில் '98% ஆர்ஏ' என்று இருந்தால் அது ரூம் ஏர், கோடே இல்லை.

தலைப்பு, மருந்து, லேப் மூன்றையும் பாருங்க. அப்பவும் தெரியலைன்னா டாக்டரிடமே எழுத்தில் விளக்கம் கேட்டுக் க்வெரி போடுங்க. ஊகித்துக் கோட் போடுவது வேண்டாம்.

கடலூர் முதுநகர்: மேடம், எல்லா அப்ரிவியேஷனும் ஒரே பிடிஎஃப்-ஆ கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். அதை மனப்பாடம் பண்ணினால் மேலே சொன்ன ஆர்ஏ-வில்தான் விழுவீங்க.

வில்லியனூர்: நான் ஏஆர் காலிங்கில் (வராத பணத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிகிட்ட ஃபோனில் கேட்கிற வேலை) இருக்கேன். க்ளைம் சிஓ-97-ல டினை ஆச்சு, பணம் தர மறுத்துட்டாங்க. 59 மாடிஃபையர் (இது தனிச் சேவைன்னு காட்ட கோடோட சேர்க்கிற குறி) போட்டு அனுப்புங்கன்னா கோடிங் டீம் மாட்டேங்குது. போட்டா பணம் வந்துடும்ல?

பதில்: வரலாம். சிக்கலே அதுதான் தம்பி. சிஓ-97 என்றால், இந்தச் சேவைக்கான பணம் ஏற்கெனவே தீர்வான இன்னொரு சேவையில் அடங்கிவிட்டதுன்னு பேயர், அதாவது பணம் கட்டும் இன்ஷூரன்ஸ், சொல்றார். எதில் அடங்கியதுன்னு முதலில் கண்டுபிடிங்க.

டினை ஆனது இ/எம் விசிட்டா (டாக்டர் நோயாளியைப் பார்த்து மதிப்பிடும் விசிட்)? அதில் 59 போடவே கூடாது. அதே நாள் சின்ன ப்ரொசீஜரும் நடந்து, விசிட் தனியாக நிற்கும் அளவுக்கு நோட் இருந்தால் 25. சர்ஜரிக்குப் பிறகான 10 அல்லது 90 நாள் குளோபல் பீரியடில் (சர்ஜரி கட்டணத்திலேயே பின்கவனிப்பும் அடங்கும் காலம்), அந்த சர்ஜரிக்குச் சம்பந்தமில்லாத விசிட் என்றால் 24. இரண்டுமே ப்ரொசீஜர் என்றால் என்சிசிஐ டேபிளில் (எந்தெந்தக் கோடுகளைச் சேர்த்து பில் பண்ணக் கூடாதுன்னு சொல்லும் அமெரிக்க அரசின் பட்டியல்) அந்த ஜோடியைத் தேடுங்க. இண்டிகேட்டர் 0 என்றால் எந்த மாடிஃபையராலும் உடைக்க முடியாது. 1 என்றால் நோட்டில் காரணம் இருந்தால் மட்டும் முடியும்.

உதாரணமாக, 11102 தோல் பயாப்ஸி, 17000 டிஸ்ட்ரக்‌ஷன். பயாப்ஸி முன்கையில், டிஸ்ட்ரக்‌ஷன் நெற்றியில் வேறொரு லீஷனில் (பாதிப்புள்ள தோல் பகுதி) என்று நோட் சொன்னால் 59 நியாயம். ஒரே லீஷனில் இரண்டும் நடந்திருந்தால் நியாயமே இல்லை.

வில்லியனூர்: ஏஜிங் (க்ளைம் நிலுவையில இருக்கிற நாள்) 90 தாண்டுது மேடம். டிஎல், அதான் டீம் லீடர், தினமும் கேட்கிறார். சரி, 59 வேணாம், எக்ஸ்எஸ் போடச் சொல்லுங்க.

ரெட்டியார்பாளையம்: நான் கோடிங் டீம். ஆடிட்ல எரர் எங்க தலையில விழும் ப்ரோ, உங்க தலையில இல்ல.

வில்லியனூர்: கலெக்‌ஷன் டார்கெட் எங்க தலையிலதான இருக்கு?

பதில்: ரெண்டு பேரும் நிறுத்துங்க. எக்ஸ்எஸ் பின்வாசல் கிடையாது. 59 ரொம்பப் பொதுவாக இருக்குன்னுதான் 2015 ஜனவரியில் மெடிகேர் (அமெரிக்க அரசின், முக்கியமாக முதியோருக்கான காப்பீடு) நாலாகப் பிரித்தது: எக்ஸ்இ தனி என்கவுண்டர், எக்ஸ்எஸ் தனி உறுப்பு அல்லது இடம், எக்ஸ்பி வேறு டாக்டர், எக்ஸ்யு வழக்கமாக ஒன்றுக்குள் ஒன்று வராத சேவை. 59-க்குக் காரணம் இல்லாத நோட்டில் எக்ஸ்எஸ்ஸுக்கும் காரணம் இருக்காது. வந்த பணத்தைப் பேயர் பிறகு ரெகூப் பண்ணினால், அதாவது திரும்பப் பிடித்தால், டார்கெட்டும் போச்சு, பேரும் போச்சு. நோட் உங்க பக்கம் இருக்குன்னு கோடர் சொன்னால் கரெக்டட் க்ளைமோ அப்பீலோ போங்க. மெடிகேரில் முதல் கட்ட அப்பீலுக்கு 120 நாள் இருக்கு. கோடர் இல்லைன்னு சொன்னால் ரைட் ஆஃப், அந்தப் பணத்தை விட்டுடணும். சிஓ என்றால் ஒப்பந்தப்படி டாக்டர் தரப்பே ஏற்க வேண்டிய தொகை என்பதால் நோயாளிக்கு பில் அனுப்பவும் முடியாது.

பாகூர்: மேடம், சிஓ-97-க்கு 59 போடலாமா?

பதில்: மேலே இவ்வளவு நேரம் எதைப் பற்றிப் பேசினோம்? படிச்சுட்டு வாங்க.

நெல்லிக்குப்பம்: கணுக்கால் சுளுக்கு, எஸ்93.401. நோயாளி மூணாவது தடவை வர்றார். ஏழாவது எழுத்து 'டி' தானே?

பதில்: எத்தனையாவது விசிட் என்பது கணக்கில்லை. 'ஏ' என்றால் ஆக்டிவ் ட்ரீட்மெண்ட் நடக்கிறது, 'டி' என்றால் ஆறும் கட்டம், 'எஸ்' என்றால் பின்விளைவு. மூணாவது விசிட்டிலும் ஆக்டிவ் ட்ரீட்மெண்ட் என்றால் 'ஏ'தான். கோடில் ஆறு எழுத்து நிரம்பாவிட்டால் காலி இடத்தில் எக்ஸ் போட்டு நிரப்பணும், டபிள்யு19.எக்ஸ்எக்ஸ்எக்ஸ்ஏ மாதிரி. எக்ஸை விட்டால் கோட் இன்வேலிட்.

மஞ்சக்குப்பம்: முதலமைச்சர் காப்பீட்டில் அப்பாவோட க்ளைம் ரிஜெக்ட் ஆயிடுச்சு...

பதில்: இங்கே பேசுவது அமெரிக்க பில்லிங் பற்றி. ஆஸ்பத்திரியில் அந்தத் திட்டத்துக்கென இருக்கும் கவுண்டரில், ரிஜெக்‌ஷன் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்க.

அரியாங்குப்பம்: பிஆர்-1, 2, 3 குழப்பம்.

பதில்: பிஆர் என்றால் நோயாளி கட்ட வேண்டியது. 1 டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன் நோயாளி கட்டுவது), 2 கோஇன்ஷூரன்ஸ் (சதவீதப் பங்கு), 3 கோபே (விசிட்டுக்கு இவ்வளவு என்ற நிலையான தொகை). செகண்டரி இன்ஷூரன்ஸ் இருக்கான்னு பார்த்து, இருந்தால் ப்ரைமரியின் இஓபி-யோடு (எவ்வளவு கட்டினாங்க, எதைக் கட்டலைன்னு காட்டும் தாள்) முதலில் அங்கே அனுப்புங்க. நோயாளிக்கு ஸ்டேட்மெண்ட் அதுக்குப் பிறகுதான்.