பலகையில் சிக்கு வாடை: நல்லெண்ணெய்தான் காரணம்

வணக்கம். காய்கறி நறுக்கும் மரப்பலகைக்கு நல்லெண்ணெய் தடவி வந்ததாகவும், இப்போது பிசுபிசுவென்று சிக்கு வாடை அடிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். பலகையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மரம் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே இறங்கிய எண்ணெய்தான் காற்றுபட்டுக் கெட்டிருக்கிறது.

கல்லுப்பைத் தூவி, பாதி எலுமிச்சம்பழத்தால் அழுத்தித் தேயுங்கள். உப்பு அழுக்கேறிப் பழுப்பாக வரும். வழித்துவிட்டு, சோப்பு போட்டுச் சட்டென்று கழுவி, நிழலில் நிறுத்தி வையுங்கள். படுக்கப் போட்டால் அடியில் ஈரம் நின்று பலகை வளைந்துவிடும். அப்படியும் பிசுபிசுப்பு போகாவிட்டால் 220 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள்.

நன்றாகக் காய்ந்த அப்புறம், மருந்துக்கடையில் கிடைக்கும் மணம் சேர்க்காத லிக்விட் பாரஃபின் என்ற மினரல் ஆயிலைத் தடவி, ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் துடையுங்கள். அது காறிப்போகாது. சிங்க் தண்ணீரில் மட்டும் பலகையை ஊறப்போடவே போடாதீர்கள்.