'துர்க்'னா பழுத்த நேரம்

கடிதம்:

வணக்கம் சார். துருக்கிக்கு அந்தப் பேர் எப்படி வந்துச்சுன்னு ஒரு வீடியோ பார்த்தேன். 'துர்க்'னா வலிமையானவன், வீரன்னு சொன்னாங்க. நம்ம ஊர்ல சொல்ற துலுக்கரும் அதே சொல்தானா? அப்படின்னா அது நல்ல வார்த்தைதானே? பக்கத்து வீட்டு பாய்க்கு இந்த வீடியோவ அனுப்பலாம்னு இருக்கேன்.

பதில்:

தம்பி,

அதே சொல்தான். சமஸ்கிருதத்துல துருஷ்க, தமிழ்ல துருக்கர், பேச்சுல துலுக்கர். ஆனா அந்த வீரன் கதைய மட்டும் அப்படியே முழுங்காதீங்க. எந்தக் கூட்டத்தோட பேரை எடுத்தாலும் வீரன், ராஜான்னு அர்த்தம் சொல்ல ஒருத்தன் வந்துர்றான், நீங்களும் பத்து நிமிஷத்துல நம்பிர்றீங்க. நோவாவோட வம்சத்துல வந்த ஒருத்தன் பேருங்கிற கதை, தலைக்கவசம் மாதிரி இருந்த மலையால வந்த பேருன்னு சீனக்காரங்க எழுதிவச்சது, அதெல்லாம் ஓரமா கிடக்கட்டும். வலிமைன்னு சொல்ற அறிஞர்கள் இருக்காங்க, மறுக்கல. ஆனா மஹ்மூத் அல் காஷ்கரி என்ன எழுதியிருக்கார்னு பாருங்க. 1072-ல பாக்தாத்துல உக்காந்து துருக்கிய மொழிகளுக்கு அகராதி எழுத ஆரம்பிச்ச மனுஷன். அவர் 'துர்க்'ங்கிறது பழம் பழுக்கிற நடுப்பொழுதுங்கிறார். 'துர்க் உஸூம்' பழுக்கிற நேரத்து திராட்சை, 'துர்க் குயாஷ்' உச்சி வெயில், 'துர்க் யிகித்' நல்ல வாலிபத்துல இருக்கிற பையன். இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு ராத்திரி தூக்கமே வரல தம்பி. வாளும் குதிரையுமா நாம நினைச்சு வச்சிருந்த பேருக்குள்ள ஒரு திராட்சைக் கொல்லை!

இதையும்கூட முடிஞ்ச முடிவா எடுத்துக்காதீங்க, ஏன்னா நான் சொல்ல வர்றது வேற. வேர்ல நல்ல அர்த்தம் இருந்தா வார்த்தை நல்ல வார்த்தை ஆயிடாது. மங்கோலியாவுல ஓர்கோன் பள்ளத்தாக்குல 732-ல குல் தெகின்ங்கிற இளவரசனுக்கு நட்ட நினைவுக் கல்லுல அந்தக் காலத்து துருக்கியர்களே தங்களை துர்க்னு பெருமையா செதுக்கியிருக்காங்க. அதே பேரை பின்னாடி ஒட்டோமான் அரண்மனைக்காரங்க அனடோலியாவுல ஆடு மேய்க்கிறவனையும் ஏர் ஓட்டுறவனையும் பட்டிக்காட்டான்னு திட்ட வச்சிருந்தாங்க, தங்களை உஸ்மான்லின்னு சொல்லிக்கிட்டாங்க, இத்தனைக்கும் ஐரோப்பாக்காரன் இவங்க எல்லாரையும் சேர்த்து துருக்கர்னுதான் கூப்பிட்டான். 1923-ல குடியரசு வந்து, 1934-ல அதை நிறுவின முஸ்தஃபா கெமால் அதாதுர்க்னு குடும்பப் பேர் வாங்குறப்ப அந்தத் திட்டு நாட்டோட பெருமையா மாறிப்போச்சு. வேர் அப்படியேதான் இருக்கு, சொல்ற வாய்தான் மாறுச்சு.

எங்க வகுப்புல ஒரு பையன் இருந்தான். வாத்தியார் அட்டெண்டன்ஸ்ல எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார், அவனை மட்டும் "டேய் துலுக்கா". நாங்க சிரிப்போம், நானும் சிரிச்சேன். அவன் "உள்ளேன் ஐயா"ன்னு சொல்றப்ப மேசையைத்தான் பார்ப்பான். அவங்க வாப்பா வழி கீழக்கரை, அந்தக் கடற்கரைக்கு இஸ்லாம் அரபு வியாபாரிகளோட கப்பல்ல வந்தது, துருக்கிக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்? அவன்கிட்ட போய் இது வீரன்னு அர்த்தம்டான்னு சொன்னா ஆறியிருக்குமா?

அந்த வீடியோவ பாய்க்கு அனுப்பாதீங்க. பக்கத்து வீடுதானே, சாயங்காலம் போய் உக்காந்து கேளுங்க, அவங்க பாட்டி தாத்தா தங்களை என்னன்னு சொல்லிக்கிட்டாங்கன்னு. மரைக்காயரா, லெப்பையா, இல்ல குதிரைப்படை வழி நாங்கன்னு சொல்ற ராவுத்தரா? அவர் சொன்னதை எனக்கு எழுதுங்க.