மேய்ச்சல் காட்டில் யூரியாவுக்கு மாற்று உண்டா?

மாடு மேயும் நிலத்துக்கு யூரியாவுக்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மூட்டை மூட்டையாகப் போட்டும் புல் எழவில்லை போலிருக்கிறது. எங்களுக்குத் திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கம் கொறங்காடு, அதாவது மழையை நம்பிய வேலியடைத்த மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல் மரம். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழை பெய்தால் நல்ல ஆண்டு. தாத்தா காலம் முதல் அந்தக் காட்டுக்குள் யூரியா போனதே இல்லை.

உடனே யாரும் சண்டைக்கு வரவேண்டாம். நான் இயற்கை விவசாயப் பிரசாரகன் அல்ல. தோட்டத்தில் அறுத்துப் போடும் கம்பு நேப்பியர் தீவனப்புல்லுக்கு நானும் யூரியா போடுகிறேன். அங்கே ஒவ்வோர் அறுப்புக்கும் சத்து வெளியேறிவிடுகிறது. மேய்ச்சலில் கணக்கே வேறு. மாடு தின்ற தழைச்சத்தில் (யூரியா தரும் நைட்ரஜன்தான் இது) பெரும்பகுதி சாணமும் கோமியமுமாகத் தரைக்கே திரும்புகிறது. ஆனால் மர நிழலிலும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும்தான் குவியும். மேட்டு நிலம் பட்டினி கிடக்கும். அதனால்தான் காட்டை வேலியால் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்கிறோம். ஆட்டுப்பட்டியைச் சுற்றி வைக்கும் தடுப்பான படலையும் இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறோம். பட்டி போட்ட இடத்துப் புல் மழைக்குப் பிறகு தனியாகக் கரும்பச்சையாகத் தெரியும்.

அடுத்தது, புல்லோடு பயறு வகைச் செடி. நரிப்பயறு எங்கள் காட்டில் தானாகவே முளைக்கும். அது போதாதென்று முயல் மசால் என்ற பயறு வகைத் தீவனச் செடியின் விதை வாங்கியபோது, "மேய்ச்சல் காட்டுக்கு விதை வாங்குகிறான் பார்" என்று ஊரே சிரித்தது. அதன் விதைத்தோல் கடினம். 80 டிகிரி வெந்நீரில் நான்கு நிமிடம் போட்டெடுத்து, இரவெல்லாம் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, வேரில் முடிச்சு உண்டாக்கும் பாக்டீரியாவான ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து பூசி, நிழலில் உலர்த்திப் புரட்டாசியில் விதைத்தேன். முதல் ஆண்டு செடியைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. வேளாண்மை படித்த சித்தப்பா மகன் வந்து, "இது வராது அண்ணா" என்று தீர்ப்பளித்துவிட்டுப் போனான். மறு ஆண்டு மழைக்குப் பிறகு அவன் கண் முன்னால் ஒரு செடியைத் தோண்டி, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிக் காட்டினேன். உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால் முடிச்சு காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளிறிக் கிடந்தால் வேலை நடக்கவில்லை. தம்பி அதைப் படமெடுத்து, ஏதோ அவனே விதைத்ததுபோல வாட்ஸ்அப்பில் போட்டுக்கொண்டான்.

மசால் போட்ட காட்டில் யூரியாவைத் தூவாதீர்கள். புல் திமிறி வளர்ந்து மசாலை மூடிவிடும். மண்ணில் தழைச்சத்து சும்மா கிடைத்தால் முடிச்சும் சோம்பிவிடும். மழை ஏமாற்றினால் தூவிய யூரியாவில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றோடு போகும். பயறுச் செடி கேட்பது மணிச்சத்து (பாஸ்பரஸ்). அதற்கு சூப்பர் பாஸ்பேட் போடுவதில் எனக்கு ஆட்சேபமில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். இவ்வளவு காடும் மாடும் இருந்தும் என் மகனுக்குப் பெண் கிடைக்கவில்லை. பெண் வீட்டார் வந்து, "கல்யாணத்துக்குப் பிறகு மாட்டையெல்லாம் விற்றுவிடுவீர்கள் அல்லவா?" என்று கேட்டார்கள். அப்போது அவர்கள் குடித்துக்கொண்டிருந்த காபி எங்கள் மாட்டுப் பாலில் போட்டது!

மசாலுக்கு வருவோம். விதைத்தால் முதல் ஆண்டு செடி பூத்து விதை உதிரும்வரை மாட்டை உள்ளே விடாதீர்கள். உதிர்ந்த விதையே அடுத்த மழைக்கு முளைக்கும். வெள்ளாடு வைத்திருந்தால் வேலியில் சந்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.